அகலக்கால்

செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்கு
விரிசல்களைப் படிப்பது என் வேலை.
நாற்பத்தொரு இடங்களில்
பிளவின் இரு கரையையும் தொட்டபடி
பிளாஸ்டரில் பதித்த கண்ணாடிச் சில்லு.
உடைந்திருந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது.
உடையாவிட்டால் நான் போய்க் காப்பி குடிக்கலாம்.

எஸ்க்ரென் பேராலயம்.
பிக்கார்திச் சமவெளியின் பீட்ரூட் வயல்களுக்கு மேலே
பத்துக் கல் தொலைவிலேயே தெரியும்,
தலையும் தோளும் மட்டும் வந்து சேர்ந்த ராட்சதன்.
உடம்புக்குக் காசு போதவில்லை.
உடம்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில்
கார் நிறுத்தம், ஒரு கபாப் கடை,
மழை நின்றும் வடியாத பள்ளம்.

பக்கத்து ஊர்க் கோயிலைவிட
ஏழு முழம் உயர வேண்டும் என்றாராம் ஆயர்.
கடவுள் ஏழு முழம் கேட்டதாகக் குறிப்பில்லை.
கொத்தர் தலைவன் கிபேர்
தூண்களை இளைக்க வைத்தான்,
சுவரைச் சுரண்டிச் சுரண்டி ஜன்னலாக்கினான்,
கல் என்பதே கல்லுக்கு மறந்துபோகும் வரை.

அகலக்கால் வைக்காதே என்பார்கள்.
இங்கே கால்களை அகலமாய் வைக்காததால்தான்
ஒரு நவம்பர் இரவு
கூரை கீழே வந்தது.
யாரும் சாகவில்லை என்கிறது கணக்கேடு.
அதே ஏட்டில் முப்பது பக்கம் முன்னால்,
கல்வண்டி கவிழ்ந்து
ஓதார் என்பவனும் ஒரு காளையும் போனதற்கு
அரை வரி:
காளைக்கு ஈடு கொடுத்தாயிற்று.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான்
ஏணியோடு உள்ளே போகிறேன்.
மார்ச் மாதம், பத்தரை மணி வாக்கில்,
கிழக்கு ஜன்னலிலிருந்து நீலம் இறங்கி
என் ஏணிப் படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைக்கும்.
அப்போது என் கழுத்து தானே பின்னால் சாய்கிறது.
நாத்திகக் கழுத்து.
வரி கட்டிச் செத்தவர்களை எண்ணிப் பார் என்று
அதனிடம் சொல்கிறேன்.
எண்ணுகிறது, அண்ணாந்தபடியே.

வடக்குத் தூண்களுக்கு நடுவே
மரச்சட்டங்கள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன.
தற்காலிகம் என்று எழுதிய பலகை
முப்பது வருடமாய் வெளுத்துக்கொண்டிருக்கிறது.
படமெடுக்க வருகிறவர்கள்
நாலடி தள்ளி நின்று
அவற்றை மறைத்துக்கொள்வார்கள்.

ஜூனில் எங்கள் ஊர்ப் பிரசவ வார்டை மூடினார்கள்.
அக்கா பெரஞ்சேர்
அமியேன் போகும் சாலையில், மூன்றாவது ரவுண்டானாவில்,
ஆம்புலன்ஸில் பெற்றாள்.
பெண். இரண்டு கிலோ எழுநூறு.
பயந்து நடுங்கிய ஓட்டுநர்
கடைசிவரை சைரனை நிறுத்தவே இல்லையாம்.

ஆகஸ்டில் மாவட்ட அலுவலகக் கடிதம்:
ஓராண்டில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால்
சீரமைப்புக்குத் தொண்ணூறு லட்சம் யூரோ.
இது வேறு பை, மருத்துவமனை வேறு பை என்றார் மேயர்.
இருக்கலாம்.
இரண்டையும் தைத்த ஊசி ஒன்றுதான்.

இன்று பதினேழாம் சில்லு உடைந்திருந்தது.
அளவுகோலை மூன்று முறை வைத்தேன்.
இரண்டு புள்ளி ஒன்று.
ஒரு தலைமுடியளவு குறைத்து எழுதினால்
யாருக்கும் தெரியாது,
வார்டும் திறக்காது.
எழுதினேன், உள்ளது உள்ளபடி.
அது நேர்மையா, நீலமா
என்று எனக்கே விளங்கவில்லை.

புதுச் சில்லைப் பதித்துக்கொண்டிருந்தபோது
அக்காவின் அழைப்பு. பின்னால் குழந்தையின் அழுகை.
"விழட்டுமேடி. ஒரு தடவை விழுந்ததுதானே."
நான் பேசவில்லை.
"சொல்லு. நிஜமாகவே உனக்கு
அந்தக் கட்டடம் பிடித்திருக்கிறதா?"

தோளில் இடுக்கிய போன்.
சில்லின் மேல் என் இரண்டு கட்டைவிரல்கள்.
ஈரச் சுண்ணாம்பின் குளிர்.
தலைக்கு மேல் நூற்று ஐம்பது அடிக்கு
ஒன்றுமே இல்லாத உயரம்.

"பிடித்திருக்கிறேன்" என்றேன்,
"பிளாஸ்டர் காய இன்னும் பத்து நிமிடம்."